அவளுக்கு நான் சொன்ன விலை

கண் டாக்டர் என் மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். அவளால் அப்போது யாரையும் பார்க்க முடியாது என்பதால் இருக்கலாம். விழித்திரை கழன்று வந்துவிட்டது, ஒட்டியிருக்கிறோம், ஒட்டு பிடிக்கும்வரை உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறோம் என்றார். குமிழி மேல்நோக்கி அழுத்தும், அதனால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டுமாம். பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும். சாப்பிடுவதும் குனிந்தபடிதான். அதற்குப் பிறகும் ஒன்றரை மாதத்துக்குப் போன், டிவி, புத்தகம் எதுவும் கூடாது. இன்னொரு கண்ணிலும் லேசர் வைத்திருப்பதால் அதற்கும் ஓய்வு வேண்டும்.

கடைசியாக, “மனசுல எந்தப் பதற்றமும் கூடாது. பிரஷர் ஏறுச்சுன்னா நாங்க செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்,” என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் மனைவி ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கிற கம்பெனியில் செக்கர். பதினாறு வருடமாக டியூப்லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு சட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடுகிற வேலை. தையல் விட்டிருந்தாலும் சரி, நூல் இழுத்திருந்தாலும் சரி, ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். தள்ளிய சட்டைகளை வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். அந்த நாளுக்காக அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள். என்னிடம் இருக்கிற சட்டை அத்தனையும் அப்படி வந்தவைதான். குறை வெளியே தெரியாது, எங்கேயாவது உள்மடிப்பில் இருக்கும். முழு விலை கொடுத்து எனக்கு எடுத்தது ஒன்றே ஒன்று, கல்யாணச் சட்டை. அதற்கும் பணம் கொடுத்தது அவள் அப்பா.

நான் பஸ் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருடம் ஆகிறது. கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்க வேண்டியது தேய்ந்துவிட்டது, வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள் என்று எலும்பு டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இறங்கினால் வீட்டுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டேன். அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வைத்திருந்தவள் என் மனைவிதான். பதினான்கு வருடமாக மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியை ஷேரில் போட்டுவருகிறாள். மூன்றே மூன்று கம்பெனி. அதில் பெரும்பகுதி தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறது. ஒரு கோடு போட்ட நோட்டும் ஒரு பென்சிலும்தான் அவள் ஆபீஸ். போன வருடம் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்.

“இன்னும் நாலு வருஷம் ஓட்டுங்க. அதுக்கப்புறம் நீங்க ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம்.”

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் இடுப்பு பெல்ட்டை இறுக்கும்போது அந்த நாலு வருடத்தில் ஒரு நாளைக் கழிப்பேன். எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது.

எதை எப்போது வாங்கப்போகிறாள் என்று அவள் யாரிடமும் மூச்சு விடமாட்டாள். என்னிடமும்தான். முன்பு ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்காது, அவள் தம்பியிடம் உளறிவிட்டேன். ஏசி மெக்கானிக் அவன். இருந்த பைக்கை விற்று மொத்தத்தையும் ஒரே நாளில் போட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறப்பதில்லை. சாயங்காலம் பம்பு விலையைப் பார்ப்பாள், நோட்டைப் புரட்டுவாள், மூடிவிடுவாள்.

பேங்கில் ஒரு டெபாசிட்டும் இருந்தது. பதினோரு வருடமாக அதில் கை வைக்கவில்லை. என் முதுகுக்கு ஸ்கேன் எடுத்தபோதும் தொடவில்லை, இந்தக் கண் ஆபரேஷனுக்கும் தொடவில்லை. கம்பெனி இன்ஷூரன்ஸ் போக மிச்சத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தோம். எது வந்தால்தான் தொடுவாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேட்டால், “அது இருக்கட்டும்” என்பாள்.

குப்புறப் படுக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும் என்று டிப்போவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் டியூப் கொண்டுவந்தேன். பாதி காற்றடித்து, துண்டு சுற்றி, கட்டில் ஓரத்தில் கட்டினேன். அதில் முகத்தைப் பதித்து அவள் கிடந்தாள். அந்த வட்டத்துக்குள் தெரிந்த தரைதான் அவள் உலகம். அதில் நான் வந்து நின்றால் என் கால் தெரியும். அதுவும் மங்கலாக.

மூன்றாம் நாள் மார்க்கெட் விழுந்தது.

எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டன, எங்கேயோ எண்ணெய் விலை ஏறியது, கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஜுரம் வந்ததுபோலப் படுத்தார்கள். எனக்கு இதெல்லாம் புரியாது. கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு என் போனில் பார்த்தேன். முதல் நாள் ஐநூற்றுப் பத்து இருந்த பம்பு நானூற்று எழுபத்தொன்றில் நின்றது. என் நாலு வருடம் ஆறாகிறது என்று மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினேன். கால் வட்டத்துக்குள் தெரிந்ததும் அவள் கேட்டாள்.

“வந்துட்டீங்களா? பம்பு என்ன விலை?”

அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பின்னந்தலையிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபம்.

“ஐநூத்தி எட்டு.”

“நேத்து பத்துல்ல?”

“ரெண்டு இறங்கியிருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

“ம்,” என்றாள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு மார்க்கெட் ஆகிவிட்டது. ஒன்று போனில், இன்னொன்று என் தலையில். போனில் இருந்தது தினமும் சரிந்தது. என் தலையில் இருந்ததை நான்தான் கைபிடித்து நடத்திக்கொண்டு போனேன். ஐநூற்றாறு, ஐநூற்றொன்பது, ஐநூற்றேழு. என்ன சொன்னோம் என்று மறந்துபோய்விடக் கூடாதே என்று டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். இருபத்தாறு வருடத்தில் அந்தத் தாளில் நான் எழுதிய முதல் பொய் அதுதான்.

என் கண்டக்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். டீ குடிக்கும்போது அவன்தான் யோசனை சொன்னான்.

“அண்ணே, இவ்வளவு நேரா ஓட்டாதீங்க. சந்தேகம் வந்துடும். நடுவுல ஒரு நாள் குழியில இறக்கி ஏத்துங்க.”

நியாயமாகத்தான் பட்டது. எட்டாம் நாள், “இன்னைக்கு நானூத்தித் தொண்ணூறு,” என்றேன்.

அவள் தலையைத் தூக்கிவிட்டாள். டியூபிலிருந்து முகத்தை எடுத்து, கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பி, “எவ்வளவு?” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. குமிழி நகர்ந்துவிடுமோ, ஒட்டு விட்டுவிடுமோ என்று பதறி, அவள் தலையை மெல்ல அழுத்தித் திரும்ப வைத்தேன்.

“படு, படு. நாளைக்கு ஏறிடும். ஏன் பயப்படுறே?”

“நான் எங்க பயந்தேன்?” என்றாள் டியூபுக்குள்ளிருந்து.

மறுநாளே ஐநூற்றுப் பன்னிரண்டு ஆக்கிவிட்டேன். பழையபடி ஒரு பெருமூச்சு வந்தது. இனி இந்த மாதிரி விளையாட்டே கூடாது என்று கண்டக்டரையும் திட்டினேன்.

பத்து நாள் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார அனுமதி கிடைத்தது. நானே சமைத்தேன், நானே துவைத்தேன், வண்டியும் ஓட்டினேன். முதுகு இரவு முழுக்கத் தனியாக முனகிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவே மச்சினன் ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் செய்தான். பைக் கதைக்குப் பிறகு அவன் திருந்தி, அக்கா வைத்திருக்கிற அதே பம்புக் கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தான்.

“மாமா, முன்னூத்தி அறுபதுக்கும் கீழ போயிடுச்சு. விக்கவா வேணாமா? அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

“அக்காவுக்கு எதுவும் தெரியாது. நீ வாயைத் திறந்தே, காலை உடைச்சிடுவேன்.”

“அக்கா இருந்தா என்ன செய்வாங்க மாமா?”

“உங்க அக்காவுக்கு இப்போ கண்ணுதான் முக்கியம். போனை வை.”

அவன் முன்னூற்று நாற்பதில் எல்லாவற்றையும் விற்றுவிட்டான். அதற்குக் கீழே முன்னூற்று முப்பத்தெட்டு வரை போனது, அதோடு நின்றது. முன்னூற்று அறுபதுக்குக் கீழே ஒன்பது நாள் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் நான் வண்டி ஓட்டினேனா, வண்டி என்னை ஓட்டியதா என்று தெரியாது. ஒருநாள் இரண்டு ஸ்டாப்பை நிறுத்தாமலே தாண்டிவிட்டேன். சனங்கள் திட்டினார்கள். அவளுடையதையும் விற்றுவிட்டால் என்ன என்று ஒரு மதியம் அவள் போனை எடுத்தேன். உள்ளே போகிற ரகசிய எண் எனக்குத் தெரியாது. போனைத் திரும்ப மேஜை டிராயரில் வைத்துவிட்டேன்.

அந்த ஒன்பது நாளும் அவள் கேட்டாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

“பம்பு என்ன விலை?”

“ஐநூத்தி ஏழு.”

“அசையவே மாட்டேங்குதே,” என்றாள் ஒருநாள்.

“அசையாம இருக்குறது நல்லதுதானே?”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு அது தானாக ஏறத் தொடங்கியது. முறைத்துக்கொண்ட நாடுகள் கை குலுக்கின, எண்ணெய் இறங்கியது, ஜுரம் வந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஐந்து வாரத்தில் விழுந்த உயரத்துக்கே வந்துவிட்டது. என் பொய்யும் நிஜமும் ஒரு வியாழக்கிழமை ஐநூற்றெட்டில் சந்தித்துக்கொண்டன. அன்று நான் உண்மையைச் சொன்னேன், பொய் சொல்வதுபோலவே நாக்கு உலர்ந்தது. வாசலில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் அழுதேன். பாரம் இறங்கிய அழுகை. ஒரு மனுஷியின் கண்ணையும் காப்பாற்றி, மனசையும் காப்பாற்றி, கரை சேர்த்துவிட்டோம் என்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மறுவாரம் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “அருமையா ஒட்டியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் பார்க்கலாம், படிக்கலாம்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது போனைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, ரகசிய எண்ணைத் தட்டினாள். பம்பு ஐநூற்றுப் பதினைந்து. நான் அன்று காலை சொன்னதும் அதுதான். சட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். நல்லவேளை என்று நினைத்தேன்.

அவள் விலையோடு நிறுத்தவில்லை. அதற்குக் கீழே கோடு ஒன்று ஓடும், இரண்டு மாதத்து விலையெல்லாம் அதில் இருக்கும். எனக்கு அது நினைவே இல்லை. பதினாறு வருடம் தையலைத் தடவிப் பழகிய விரல் அந்தக் கோட்டின்மேல் மெல்லப் போய், ஓரிடத்தில் நின்றது.

“இது என்னங்க?”

“எது?”

“இந்தப் பள்ளம்.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிரிப் ஷீட்டில் குறித்ததைச் சொன்னேன், கண்டக்டர் சொன்ன யோசனையைச் சொன்னேன், மச்சினன் விற்றதையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“உண்மையைச் சொல்லியிருந்தா உனக்கு பிரஷர் ஏறியிருக்கும். கண்ணு போயிருக்கும்.”

“எனக்கு எதுக்கு ஏறும்?” என்றாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பிறகு, “அந்த நோட்டை எடுங்க,” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து என்னிடமே திருப்பிக் காட்டினாள். பம்பு என்று மேலே எழுதி, அதன் கீழே பென்சிலில் ஒரு எண். முன்னூற்று அறுபது. அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. அழித்து அழித்து எழுதிய தடம். வெளிச்சத்தில் சாய்த்தால் பழைய எண்களும் தெரிந்தன. தொண்ணூறு, நூற்று நாற்பது, இருநூற்று இருபது. கம்பெனி வளர வளர அவளும் எண்ணை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். எண்ணுக்குக் கீழே இரண்டு வார்த்தை இருந்தது. டெபாசிட் முழுசும்.

“இந்த விலைக்குக் கீழ போனா ஆபத்துன்னு எழுதி வெச்சியா?”

“வாங்குற விலைங்க அது.”

எனக்கு உடனே புரியவில்லை. அவள் என் சட்டைக் காலரைத் திருப்பி, உள்ளே இழுபட்டிருந்த நூலைக் காட்டினாள்.

“உங்களுக்கு நான் என்னைக்காவது முழு விலைக்குச் சட்டை எடுத்திருக்கேனா? நல்ல கம்பெனி, காரணமே இல்லாம ஒரு நாள் கழிச்ச துணி விலைக்கு வரும். அன்னைக்கு எடுக்கணும். அதுக்குத்தான் அந்த டெபாசிட். பதினோரு வருஷமா அந்த ஒரு நாளுக்காக உக்காந்திருந்தேன். விலை வந்திருந்தா ரகசிய நம்பரைச் சொல்லி உங்களையே வாங்கச் சொல்லியிருப்பேன்.”

“ஒன்பது நாள் கிடந்துச்சு,” என்றேன்.

“தெரியுது,” என்றாள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே. “ஒரு நாள் நானூத்தித் தொண்ணூறுன்னீங்க. வருது வருதுன்னு அன்னைக்கு ராத்திரி பூரா கணக்குப் போட்டுக்கிட்டே கிடந்தேன். மறுநாள் பன்னெண்டுன்னுட்டீங்க.”

அன்று அவள் தலையைத் தூக்கியதை நினைத்தேன். நான் அழுத்தி வைத்ததை நினைத்தேன். இரண்டு மாதமாக நான் நிம்மதி என்று கேட்ட பெருமூச்செல்லாம் வரிசையாக வந்து நின்றன. கூடவே வாழ்கிற ஒருத்தியின் மூச்சை இருபது வருடத்துக்குப் பிறகும் தப்பாகக் கேட்டிருக்கிறேன். பயம் எனக்குத்தான் இருந்தது. அதை அவளுடையது என்று நினைத்துக்கொண்டு, அவளிடமிருந்து மறைத்திருக்கிறேன்.

“வாங்கியிருந்தா?”

அவள் பென்சிலை எடுத்தாள், கணக்குப் போடவில்லை, திரும்ப வைத்தாள். முன்பே போட்டுவைத்திருப்பாள்.

“நாலு வருஷம் ரெண்டாயிருக்கும்.”

வலி அந்த நேரம் பார்த்து முதுகின் அடியிலிருந்து இடது கால்வரை ஒருமுறை ஓடியது. அவள் அதைக் கவனித்தாள். பத்து நாள் தரையில் என் கால்களை மட்டுமே பார்த்துக் கிடந்தவளுக்கு அவை எப்படி நிற்கும் என்று தெரியும்.

“நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“சொல்லியிருக்கணும்,” என்றாள். எழுந்து போய் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள்.

நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டைக்கு ஒரு தெம்பு வேண்டும். டீ குடித்தோம், தம்ளரை அவள்தான் கழுவினாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. கழுவிய தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது.

“வெளிச்சம் கூசுது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க,” என்றாள். பிறகு, “உள்ளதைச் சொல்லுங்க,” என்றாள்.

போனை வாங்கிக்கொண்டு எதிரே வந்து, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். “ஐநூத்தி இருபத்தொண்ணு. ஆறு ஏறியிருக்கு.”

“ம்,” என்று பெருமூச்சு விட்டாள்.

நான் எழுந்து போய், காலை வண்டிக்கு ஒரு சட்டையும் இடுப்பு பெல்ட்டும் எடுத்து வைத்தேன்.